எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு டீக்கடையில் நிற்பது எங்கள் கூட்டத்துக்குப் பல வருடப் பழக்கம். இரண்டு வருடமாக அங்கே நடக்கும் பேச்சில் பாதி எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் பற்றித்தான். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் வாய்மொழியிலேயே குறித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே தருகிறேன். நான் ஓட்டுவது கிளட்ச், கியர் உள்ள பழைய பெட்ரோல் கார். நண்பர்களின் மின்சாரக் கார்களையும் மலைச்சாலைகளில் நிறைய ஓட்டியிருக்கிறேன்.

கணக்குக்காக ஒன்று: பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட்-மணி என்பார்கள். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் அதுதான். அதனால் கீழே எல்லா இடத்திலும் யூனிட் என்றே எழுதியிருக்கிறேன்.

வேகமா போற எல்லா எலக்ட்ரிக் காரும் ஸ்போர்ட்ஸ் கார்தானா?

இல்லை. பிஒய்டி சீல் காரின் மேல்ரகம் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் தொடுகிறது. ஆனாலும் அது நான்கு கதவு உள்ள குடும்ப கார். வளைவில் திரும்புவதற்கும், பிரேக்கை நம்பி மிதிப்பதற்கும், சாலையின் சேதி ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வருவதற்கும் முதல் கோட்டிலிருந்தே வரையப்பட்ட வண்டியைத்தான் நான் ஸ்போர்ட்ஸ் கார் என்பேன்.

அந்த அளவுகோலில் போர்ஷே டைகான் நான்கு கதவு இருந்தும் தேறுகிறது. இரண்டே சீட்டும் மடக்கும் கூரையும் உள்ள எம்ஜி சைபர்ஸ்டரும் இந்த வகைதான். ஹூண்டாய் ஐயோனிக் 5 என், பார்க்கக் குடும்ப கார். ஆனால் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதை மனதில் வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள்.

பெட்ரோல் காரைவிட பிக்கப் எப்படிங்க இவ்வளவு அதிகம்?

பெட்ரோல் எஞ்சின் தன் முழு இழுவையைத் தர, அது சுழலும் வேகம் (சுழற்சி) ஏற வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருந்தால் அதற்கும் ஒரு கணம் காத்திருக்க வேண்டும், நடுவில் கியர் மாற வேண்டும். மின்மோட்டார் சுழலாமல் நிற்கும்போதே முழு இழுவையையும் தரும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அந்தக் கணமே குறைக்கவும் முடியும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெரும்பாலான மின்கார்களுக்கு ஒரே கியர்தான். வேகம் ஏற ஏற, முதலில் இருந்த அந்த உதை தளர்ந்துவிடும். போர்ஷே இதற்காகவே டைகானின் பின் அச்சில் இரண்டு வேகக் கியர்பெட்டி வைத்தது.

அப்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் கதை முடிஞ்சுதா அண்ணா?

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று என்று 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள ரேஸ் டிராக் இருக்கிறது. 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் லார்ஸ் கெர்ன் அதை 6 நிமிடம் 59.927 விநாடியில் சுற்றினார். குதிரைத்திறன் 510, எடை சுமார் 1,430 கிலோ. பிறகு அதே கெர்ன், மின்கார் டைகானின் டர்போ ஜிடி ரகத்தில் 7 நிமிடம் 7.55 விநாடியில் சுற்றினார். அதன் உச்சத் திறன் ஆயிரம் குதிரைத்திறனுக்கும் மேல், எடை 2,200 கிலோவைத் தாண்டும்.

ஒரே கம்பெனி, ஒரே ஓட்டுநர், ஒரே டிராக். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் டைகான் 911ஐ எங்கோ விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் வளைவும் பிரேக்கும் சேர்ந்து வரும் முழுச் சுற்றில், பாதித் திறன் உள்ள பெட்ரோல் கார் ஏழு விநாடிக்கு மேல் முந்தியது. பின்னால் டைகானும் ஓடும் காற்றாலேயே வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் சிறப்புப் பாகங்கள் பூட்டிக்கொண்டு 7 நிமிடத்துக்குள் வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு எவ்வளவு பாடு தேவைப்பட்டது என்று பாருங்கள்.

மின்சாரம் தெளிவாக ஜெயித்த இடமும் உண்டு. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை ஏற்றப் போட்டி 4,300 மீட்டர் உயரத்தில் முடிகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சு வாங்கும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். 2018இல் ரோமன் டுமா ஃபோக்ஸ்வேகனின் மின்காரில் 7 நிமிடம் 57.148 விநாடியில் ஏறினார். எட்டு நிமிடத்துக்குள் அதை ஏறிய முதல் ஆள் அவர்தான்.

எடை எடைன்னு எல்லாரும் சொல்றாங்க. கூடுதலா ஐநூறு கிலோ இருந்தா அப்படி என்ன ஆகிடும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. காரில் பூட்டும் பேட்டரித் தொகுப்பில் ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 0.15 யூனிட்டை ஒட்டித்தான். எஞ்சின் தனக்குக் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக வீணடிக்கிறது, மோட்டார் மிகக் கொஞ்சமே வீணடிக்கிறது. அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும் இடைவெளி பெரிதுதான். முதலில் வந்த டைகானின் 93.4 யூனிட் பேட்டரி மட்டுமே சுமார் 630 கிலோ. 60 லிட்டர் பெட்ரோல் 45 கிலோ, அதுவும் ஓட ஓடக் குறையும். பேட்டரி தீர்ந்தாலும் அதன் எடை அப்படியே இருக்கும்.

நேர்ச்சாலையில் இந்த எடையை மோட்டாரின் பலம் மறைத்துவிடும். வளைவில் மறைக்க முடியாது. எடை இரண்டு மடங்கானால் வண்டியை வளைவில் பிடித்துவைக்க டயருக்கு இரண்டு மடங்கு பிடி வேண்டும், ஆனால் டயரின் பிடி அதே கணக்கில் கூடாது. இடமும் வலமும் மாறி மாறி வரும் வளைவுகளில் வண்டி உங்கள் கைக்கு அரைக்கணம் பின்தங்கி வருவதை உணர்வீர்கள். அதைச் சமாளிக்க அகலமான டயர், கெட்டியான ஸ்பிரிங், பெரிய பிரேக் என்று போட்டால், அவையும் எடையைக் கூட்டும். பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் வண்டி சாய்வது குறையும், அது உண்மையான லாபம். ஆனால் சாயாமல் இருப்பது வேறு, லேசாக இருப்பது வேறு.

2008இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர், லோட்டஸ் எலீஸ் என்ற லேசான பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்படையில் உருவானது. எலீஸின் எடை 900 கிலோவை ஒட்டி. சுமார் 450 கிலோ பேட்டரியைச் சுமந்த ரோட்ஸ்டர் 1,300 கிலோ பக்கம் வந்துவிட்டது. இன்று இரண்டே பேர் உட்காரும் சைபர்ஸ்டர் கிட்டத்தட்ட 2,000 கிலோ. லேசான மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வரும் நாளுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

சத்தமே இல்லாத வண்டியை ஓட்டி என்ன சுகம்?

எஞ்சின் சத்தம் எனக்கும் பிடிக்கும். எந்தச் சுழற்சியில் இருக்கிறோம் என்பதை மீட்டரைப் பார்க்காமல் காதாலேயே சொல்லிவிடலாம். அது போவது இழப்புதான். ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. எஞ்சின் சத்தம் இல்லாதபோது டயரின் சத்தம் கேட்கிறது. பிடி தளரப் போகும் முன் டயர் முனகும். ஏற்காடு மலையில் அதை நான் முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டது ஒரு மின்சாரக் காரில்தான்.

கம்பெனிகளும் ஏதேதோ முயல்கிறார்கள். ஐயோனிக் 5 என் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் சத்தத்தைப் போட்டுக் காட்டுகிறது. ஃபெராரி 2025 அக்டோபரில் தன் முதல் மின்காரின் தொழில்நுட்பத்தை வெளியிட்டபோது வேறு வழி சொன்னது: அச்சில் உண்மையாக எழும் அதிர்வை ஒரு சென்சார் பிடித்து, எலக்ட்ரிக் கிட்டாரைப் போல அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். இந்த இரண்டாவது வழிதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. எப்படியானாலும் சத்தமின்மை இரண்டு வாரத்தில் பழகிவிடும். எடை பழகாது.

கிளட்ச் மிதிச்சு கியர் போட்டே பழகினவன் சார் நான். எனக்கு ஒத்துவருமா?

வேகம் வேண்டுமா, வேலை வேண்டுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுழற்சியைச் சேர்த்து, கிளட்சை விடும்போது வண்டி துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும் அந்தத் திருப்திதான் உங்கள் சுகம் என்றால், மின்சாரக் காரில் அது கிடைக்காது. ஐயோனிக் 5 என் கியர் மாறுவது போன்ற உதைப்பைக்கூடத் தருகிறது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் தப்பாக மாற்றினால் தப்பு என்று சொல்ல அங்கே இயந்திரம் இல்லை. உங்களுக்கு என் யோசனை: இருக்கும் பெட்ரோல் காரை நன்றாகப் பராமரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை.

நம்ம ஊர்ல என்ன கிடைக்குது, எவ்வளவு ஆகும்?

இரண்டு சீட்டு வண்டி வேண்டுமென்றால் எம்ஜி சைபர்ஸ்டர். 2025 ஜூலையில் 74.99 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. 77 யூனிட் பேட்டரி, இரண்டு மோட்டார், 510 குதிரைத்திறன், 3.2 விநாடியில் 100. டைகான் ஒன்றரைக் கோடிக்கு மேல் தொடங்கி, மேல்ரகங்களில் இன்னும் ஏறும். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் முக்கியமில்லை, வேகமும் நான்கு பேருக்கு இடமும் போதும் என்றால், பிஒய்டி சீல் மேல்ரகம் 53 லட்சத்துக்கு அறிமுகமானது.

வரியில்தான் பெரிய வித்தியாசம். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், ஆக 75 லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு வரி மட்டும் 15 லட்சம். மின்வண்டிக்கு இந்த வரியில் விலக்கு சில வருடங்களாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் அது அமலில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள்.

580 கிலோமீட்டர் போகும்னு போட்டிருக்கான். நிஜமாவே போகுமா?

போகாது. சைபர்ஸ்டருக்குச் சொல்லப்படும் 580, இந்தியச் சோதனை முறையில் வந்த எண். அதே வண்டிக்கு ஐரோப்பிய முறையில் சுமார் 440 வருகிறது. ரசித்து ஓட்டுபவர் காலுக்கு அதிலும் குறையும். காற்றை எதிர்த்துச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80இல் போவதைவிட 120இல் போனால், காற்றுக்கு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டேகால் மடங்கு செலவு. நெடுஞ்சாலையில் 300 என்று கணக்கு வைத்துக் கிளம்பினால் மனம் நிம்மதியாக இருக்கும்.

வீட்லயே சார்ஜ் போட்டுக்கலாமா? வெளியூர் போனா?

தனி வீடு, சொந்த நிறுத்துமிடம் என்றால் வீடுதான் சிறந்த இடம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 77 யூனிட் ஏற ஒரு நாள் முழுக்க ஆகும். 7.4 கிலோவாட் (மணிக்கு 7.4 யூனிட் ஏற்றும்) சார்ஜர் என்றால் ராத்திரி போட்டு விடிந்ததும் எடுக்கலாம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் முழுச் சார்ஜ் 800 ரூபாய்க்குள். அடுக்குமாடி என்றால், முன்பணம் கட்டும் முன்பே குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வெளியூர்ப் பயணம்தான் பொறுமையைச் சோதிக்கும். புதிய டைகான் 320 கிலோவாட் வரை மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும், 10இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் போதும். ஆனால் நம் நெடுஞ்சாலைகளில் நிறைய சார்ஜர்கள் 30 அல்லது 60 கிலோவாட் தரக்கூடியவை. ஒரு தடவை சேலம் போகும் வழியில், ஒரு உணவகத்தில் இருந்த ஒரே சார்ஜர் வேலை செய்யவில்லை. அடுத்தது 40 கிலோமீட்டர் தள்ளி. ஏசியை அணைத்துவிட்டு லாரிக்குப் பின்னால் 60இல் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து, போகும் வழியில் மாற்று சார்ஜர் ஒன்றையும் குறித்து வைக்காமல் கிளம்புவதில்லை.

இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டினா தாங்குமா?

தாங்கும், ஆனால் நாள் முழுக்க ஓட்ட முடியாது. அந்த டிராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். முழு வேகத்தில் ஓட்டும்போது செலவு சாலையில் ஆவதைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும். பத்துச் சுற்று என்றால் 37 கிலோமீட்டர்தான், ஆனால் 77 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. சார்ஜ் குறையக் குறைய வண்டி தன் திறனையும் குறைத்துக்கொள்ளும். பெட்ரோல் காருக்கு ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரப்பி மறுபடி இறங்கிவிடலாம்.

பிரேக்கையும் கவனியுங்கள். ஊருக்குள் காலை எடுத்தாலோ பிரேக்கைத் தொட்டாலோ மோட்டாரே டைனமோ போல மாறி, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே வண்டியை நிறுத்திவிடும் (இதைத்தான் மோட்டார் பிரேக் என்கிறேன்), பிரேக் பேடு தேயவே தேயாது. கடலோரத்தில் குடியிருந்தால், பயன்படாத டிஸ்க்கில் துருவே ஏறும். அதனால் வாரம் ஒரு தடவை அழுத்திப் பிரேக் பிடியுங்கள். டிராக்கில் கதை நேர் எதிர். மோட்டார் பிடித்தது போக மிச்சம் மொத்தமும் பேடு தலையில் விழும். அங்கேயும் எடைதான் எதிரி.

பேட்டரி எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு மின்கார்களுக்கான ஃபார்முலா இ ரேஸ் நல்ல சாட்சி. 2014இல் அந்தப் போட்டி தொடங்கியபோது பேட்டரி பாதி ரேஸுக்குத்தான் வந்தது. நம் சென்னையின் கருண் சந்தோக் மஹிந்திரா அணிக்காக ஓட்டிய அந்த முதல் சீசனில், நடுவில் வண்டியை விட்டு இறங்கி இன்னொரு வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2018–19 சீசனிலிருந்து ஒரே வண்டியில் முழு ரேஸும் ஓட்டுகிறார்கள்.

ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இடத்துக்கு எப்படி?

ஏறுவது ஆனந்தம். வளைவிலிருந்து வெளியே வரும்போது கியரைத் தேட வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு சேர்த்து 2,150 கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 7 யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பி வந்துவிடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. மலைமேல் தங்கும் இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரம் போகாது, அதனால் மோட்டார் பிரேக் வேலை செய்யாது அல்லது பலவீனமாகிவிடும். இரண்டு டன் எடையும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அகலமான இந்த வண்டிகளில் ரசிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் போதாது.

சித்திரை வெயில்ல பேட்டரி என்ன ஆகும்?

நம் உடம்புக்கு இதமான சூடுதான் பேட்டரிக்கும் இதம். சூடு மிஞ்சினால் வண்டியே அதைக் குளிர்விக்கும், அதற்கு ஏசியின் கம்ப்ரஸரையும் பயன்படுத்தும். வேகமாக ஓட்டிவிட்டு உடனே வேகச் சார்ஜரில் போட்டால், சார்ஜ் மெதுவாக ஏறும். கால் மணி நேரம் நிழலில் விட்டுப் போடுங்கள். 100 சதவீதம் ஏற்றி வெயிலில் நாள் கணக்கில் நிறுத்துவதுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் பழக்கம்.

வெள்ளம் வந்தா ஷாக் அடிக்குமா?

பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும். கோளாறு கண்டால் மின்இணைப்பைத் தானே துண்டித்துவிடும். மழையில் ஓட்டவும், தேங்கிய நீரை மெதுவாகக் கடக்கவும் பயம் வேண்டாம். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போல மணிக்கணக்கில் சாக்கடை கலந்த நீரில் மூழ்கிக் கிடந்தால், அது வேறு விஷயம். அப்படி மூழ்கிய வண்டியை இயக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. சர்வீஸ் ஆட்களை வரவழையுங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மக்கள் மழைக்கு முன்பே மேம்பாலத்தில் வரிசையாக காரை ஏற்றி நிறுத்தினார்களே, அதுதான் சரியான முன்ஜாக்கிரதை.

பேட்டரி போச்சுன்னா? விக்கப் போனா விலை கிடைக்குமா?

பேட்டரி திடீரென்று சாவது அரிது, மெல்ல மெல்லத்தான் தேயும். போர்ஷே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகிறது. எந்தக் கம்பெனியானாலும், அந்த உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, ரேஸ் டிராக்கில் ஓட்டினால் ரத்தாகுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுவிற்பனைதான் பெரிய அடி. வெளிநாடுகளில் டைகான் மூன்றே வருடத்தில் விலையில் பெருமளவு இழக்கிறது. புதிதாக வருவதில் பேட்டரியும் சார்ஜ் வேகமும் கூடிக்கொண்டே போவதால், பழையது சீக்கிரம் பழையதாகிவிடுகிறது. பணத்தைப் பார்த்துச் செலவு செய்பவர்கள், இரண்டு வருடம் ஓடிய வண்டியைப் பேட்டரி நலச் சான்றோடு வாங்குவதே புத்திசாலித்தனம்.

கம்பெனிக்காரங்களே பின்வாங்குறாங்களே, நாம ஏன் வாங்கணும்?

பின்வாங்குவது உண்மை. டைகான் 2023இல் 40,629 விற்றது, 2024இல் 20,836தான். உலகின் மிக வேகமான மின்கார்களில் ஒன்றைச் செய்த மேட் ரிமாக், மேல்தட்டு வாடிக்கையாளர்கள் எஞ்சின் உள்ள வண்டியைத்தான் விரும்புகிறார்கள் என்று 2024இல் வெளிப்படையாகவே சொன்னார். இது தொழில்நுட்பத்தின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. ஆயிரம் குதிரைத்திறனும் இரண்டு விநாடிப் பிக்கப்பும் முதல் மாதம் சிலிர்க்க வைக்கும், அப்புறம் சாலையில் அதற்கு இடமே இல்லை. கம்பெனிகள் எண்ணைத் துரத்தினார்கள், ஓட்டுபவர்கள் உணர்வைத் தேடினார்கள்.

கடைசியா கேக்குறேன், நீங்க வாங்குவீங்களா?

இன்றைக்கு இல்லை. தினமும் அலுவலகம் போக ஒரு நல்ல மின்சாரக் காரும், ஞாயிற்றுக்கிழமைக்கு என் பழைய பெட்ரோல் காரும் இருந்தால் எனக்குப் போதும். 1,400 கிலோவுக்குள், 300 குதிரைத்திறனோடு, 250 கிலோமீட்டர் ஓடும் ஒரு சின்ன மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வரட்டும், முதல் ஆளாக முன்பணம் கட்டுவேன். ஆனால் ஊருக்குள் நிறைய ஓட்டுபவர், வீட்டில் சார்ஜர் உள்ளவர், கியர் மேல் அவ்வளவு பாசம் இல்லாதவர் என்றால், நீங்கள் தாராளமாக இன்றே வாங்கலாம்.

டெஸ்ட் டிரைவ் அரை மணி நேரம்தான் தர்றாங்க. அதுல என்ன பாக்கணும்?

பிக்கப்பைப் பார்க்காதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும். அடிக்கடி போகும் சாலையின் மோசமான பகுதிக்கு ஓட்டிப் போங்கள். வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவின் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கிப் பாருங்கள், அடி தட்டுகிறதா என்று தெரியும். 60இல் போய் மெதுவாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை பிரேக் பிடியுங்கள். மோட்டார் பிரேக்கிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறும் இடத்தில் காலுக்கு ஒரு தடுமாற்றம் தெரிந்தால், அது வருடக்கணக்கில் உறுத்தும். ஒரு ரவுண்டானாவை நிதானமாக மூன்று தடவை சுற்றுங்கள், எடையை அங்கே கை உணரும். பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நேரத்தில் இன்னொரு முறை ஓட்டக் கேளுங்கள். பெரும்பாலும் முழுச் சார்ஜோடுதான் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள்.